ஆடி பொறக்குறதுக்குள்ள காலி பண்ணுன்னாங்க: கும்பகோணத்துல ஒரு வாடகை வீட்டு கேஸ், முதல்லேருந்து கடைசி வரைக்கும்

இது எங்க அக்கா வீட்டுல நடந்தது. கும்பகோணத்துல மகாமகக் குளத்துலேருந்து நடந்தே போயிடலாம், அந்தப் பக்கத்துத் தெரு ஒண்ணுல பழைய ஓட்டு வீடு, முன்கட்டுல ஓனர் பெரியவரு, பின்கட்டுல அக்கா வாடகைக்கு. மாமா குவைத்துல டிரைவர், வீட்டுல அக்கா, ரெண்டு பசங்க, அக்காவோட மாமியார், அவ்வளவுதான். நான் பாபநாசத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பட்டா, வருமானச் சான்று எல்லாம் ஆன்லைன்ல அப்ளை பண்ணிக் குடுப்பேன், அதனால வீட்டுல எந்தப் பேப்பர்னாலும் எங்கிட்டதான் வரும். இந்தக் கேஸ் ஃபைலும் அப்படித்தான் எங்கிட்ட வந்துச்சு. அக்கா சரின்னு சொன்னதுக்கப்பறம்தான் எழுதுறேன். யாரு பேரும் போடல, பெரியவரு மேல இன்னைக்கும் எங்களுக்குக் கோவம் இல்ல.

அக்ரிமெண்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே "காலி பண்ணு"ன்னு ஓனர் சொன்ன ஒரு வார்த்தைக்கே சாமானைக் கட்டிக்கிட்டுக் கெளம்புறவங்களை என் கடையிலயே நெறய பாத்துட்டேன். ஆதார்ல அட்ரஸ் மாத்த வருவாங்க, ஏன் மாறுறீங்கன்னு கேட்டா "ஓனர் போகச் சொல்லிட்டாரு"ம்பாங்க, அக்ரிமெண்ட் எப்ப முடியுதுன்னு கேட்டா இன்னும் ஆறு மாசம் இருக்கும்பாங்க. கோர்ட்டு சொல்லியா போறாங்க, பயந்துக்கிட்டுதான் போறாங்க. எங்க அக்காவும் அப்படிப் போயிருக்க வேண்டியதுதான், அதான் இதை எழுதுறேன்.

மொதல்ல பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லிடறேன். 20 ரூபா பத்திரத்துல டைப் அடிச்ச ஒப்பந்தம், தை மாசத்துலேருந்து 11 மாசம், வாடகை 7,500, அட்வான்ஸ் 50,000. கரண்டுக்கு சப் மீட்டர், தண்ணி கிணத்து மோட்டார்லேருந்து வரும், அதுக்குத் தனியா காசு கிடையாது. ரெண்டு தரப்புல யாரு வேணாலும் ரெண்டு மாசம் முன்னாடி சொல்லிட்டு முடிச்சுக்கலாம்னு ஒரு வரி. ரெண்டு சாட்சி கையெழுத்து, கடைசிப் பக்கத்துல வாடகை போடறதுக்குன்னு பெரியவரோட பேங்க் அக்கவுண்ட் நம்பர். அந்த நம்பர்தான் பின்னாடி எங்களைக் காப்பாத்துச்சு, அதைச் சொல்றேன். ஆனா பத்திரத்தை எங்கயும் பதிவு பண்ணல.

11 மாசம்னு எல்லாரும் போடறதுக்குக் காரணம் 1908ம் வருஷத்துப் பதிவுச் சட்டம், ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைக் கட்டாயம் பதியணும்னு அதுல இருக்கு, அந்தச் செலவுக்குப் பயந்து 11 மாசம்னு போட்டுப் பழகிட்டோம். ஆனா தமிழ்நாட்டுல 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துட்டு 2017ல நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம்னு புதுசு கொண்டு வந்தாங்க, அது 2019 பிப்ரவரி 22லேருந்து நடைமுறையில இருக்கு. அதுப்படி 11 மாசமோ 3 மாசமோ, எழுத்துல ஒப்பந்தம் போட்டு ரெண்ட் அத்தாரிட்டிங்குற வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சு நம்பர் வாங்கணும். இது பாதிப் பேருக்குத் தெரியாது. பேப்பர் வேலையே பண்ற நான்கூட அக்கா பத்திரத்தைப் பதியாம விட்டுட்டேன், அது எங்க பக்கத்துப் பெரிய ஓட்டை.

பிரச்சனை ஆரம்பிச்சது ஆனி மாசம். கும்பகோணத்துல மகாமகம் கடைசியா 2016 பிப்ரவரி 22ல நடந்துச்சு, 12 வருஷத்துக்கு ஒருதடவைங்குறதால அடுத்தது 2028. அதுக்கு ஊரே இப்பயிருந்து தயாராகுது. நவக்கிரகக் கோயில் சுத்த வர்றவங்க கூட்டமும் வருஷம் பூரா இருக்கு, அதனால குளத்தைச் சுத்தி இருக்குற பழைய வீட்டையெல்லாம் ரூமா பிரிச்சு நாள் வாடகைக்கு விடலாம்னு பலபேருக்கு யோசனை. பெரியவரோட பையன் சென்னையில இருக்காரு, அவருக்கும் அந்த யோசனை வந்துடுச்சு. மாசம் 7,500 வர்ற பின்கட்டுல மூணு ரூம் போட்டா எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டா யாருக்கும் ஆசை வரும்தான், அது அவங்க வீடு, அவங்க ஆசையில நான் தப்பு சொல்லல. கேட்ட முறைதான் தப்பு.

ஒருநாள் காலையில அக்கா கோலம் போட்டுட்டு உள்ள வரும்போது ரேழியில கதவு இடுக்குல ஒரு தாள் செருகியிருந்துச்சு. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவுல "ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கவும். இல்லாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும்"னு எழுதியிருந்துச்சு, கீழ பையனோட கையெழுத்து. ஆடி பொறக்க பதினேழு நாள்தான் இருந்துச்சு. அக்கா அதைக் கசக்கி அடுப்பாங்கரை குப்பையில போட்டுடுச்சு, அப்பறம் எனக்கு ஃபோன் பண்ணி அழுவுது. நான் சொன்ன மொத வார்த்தை "குப்பையிலேருந்து அதை எடுத்து வை"ங்குறதுதான். எடுத்து நீவி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்துச்சு. முன்பக்கம் அன்னைக்குத் தேதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் அச்சுல இருக்கு. எழுதினவரு தேதி போட மறந்தாலும் காலண்டர் தேதி போட்டுக் குடுத்துடுச்சு. எங்க ஃபைல்ல மொத டாக்குமெண்ட் அதுதான்.

இங்க நாங்க பண்ணின ஒரு தப்பையும் சொல்லிடணும். அன்னைக்கு ராத்திரியே பையன் குவைத்துக்கு மாமாவுக்கு வாட்ஸாப்ல பேசியிருக்காரு, மாமா வண்டி ஓட்டிக்கிட்டு இருந்த அவசரத்துல "சரிங்க சார், வேற வீடு பாக்க சொல்றேன்"னு வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டாரு. மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. ஆனா அப்பறம் எங்க பேசினாலும் "உங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரே"ன்னு அந்த மெசேஜைத்தான் போட்டுக் காட்டுனாங்க. அதனால யாரு கேட்டாலும், எவ்வளவு தன்மையா கேட்டாலும், வாய்ல ஒத்துக்காதீங்க. "யோசிச்சு எழுத்துல சொல்றேங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு யாரும் கோவிச்சுக்க முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்லுது. 2017 சட்டத்துல 21ம் பிரிவு. ஒப்பந்தம் நடப்புல இருக்கும்போது வாடகைதாரரை வெளியேத்தக் கூடாது, வெளியேத்தணும்னா அந்தப் பிரிவு சொல்ற காரணம் ஒண்ணு இருக்கணும், அதை வாடகை கேஸுக்குன்னே இருக்குற ரெண்ட் கோர்ட்ல மனு போட்டு நிரூபிச்சு உத்தரவு வாங்கணும். ரெண்டு மாச வாடகை பாக்கி வச்சு நோட்டீஸ் குடுத்தும் கட்டாதது, எழுத்துல சம்மதம் வாங்காம வேற ஆளுக்கு வீட்டை விட்டது, வீட்டைத் தப்பா பயன்படுத்துனது, ஆளு வெளியேறுனாத்தான் செய்ய முடியும்ங்குற அளவுக்கு மராமத்து, இது மாதிரி. ஓனருக்கோ அவரு குடும்பத்துக்கோ உண்மையிலேயே வீடு தேவைப்படுதுன்னாலும் அதையும் அங்க போய்தான் சொல்லணும். அதாவது காரணமே இருந்தாலும் ஓனர் தானா பூட்டுப் போட முடியாது. 1989ல கிருஷ்ணா ராம் மஹாலே கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் சொல்லுச்சு, ஒருத்தர் நிலையா அனுபவிச்சுட்டு வர்ற இடத்துலேருந்து, அவருக்கு அங்க இருக்க உரிமை இல்லாட்டியும்கூட, சட்டத்தோட வழியிலதான் வெளியேத்தணும்.

அப்ப அந்த ரெண்டு மாச நோட்டீஸ் வரி? பையன் அதைத்தான் பிடிச்சுக்கிட்டாரு. மொத விஷயம், பதினேழு நாள் ரெண்டு மாசம் ஆகாது. ரெண்டாவது, அந்த நோட்டீஸை முறையா குடுத்திருந்தாலும் நாங்க போகாட்டி அவரு ரெண்ட் கோர்ட்டுக்குத்தான் போகணும், சாமானைத் தூக்கி வெளிய வைக்க அந்த வரி அதிகாரம் குடுக்கல. மூணாவது, ஒப்பந்தம் பெரியவரோடது. பையன் அதுல சாட்சிகூட கிடையாது. பெரியவரு கையெழுத்து இல்லாத தாளுக்கு என்ன மதிப்புன்னு நான் கேட்டப்பதான் அவரு கொஞ்சம் நிதானமானாரு.

ஒரு வாரம் கழிச்சு "வீட்டை வித்தாச்சு, புது ஓனர் வர்றாரு, அவருக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னாரு. விக்கலைன்னு பின்னாடி தெரிஞ்சுது, ஆனா உண்மையிலேயே வித்திருந்தாலும் பரவால்ல. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 109ம் பிரிவுப்படி வீட்டை வாங்குறவரு ஓனரோட இடத்துக்கு வந்துடறாரு, இருக்குற குத்தகையோட சேத்துதான் வாங்குறாரு. வித்தா ஒப்பந்தம் செத்துடும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு.

அடுத்தது வாடகை. ஆடி மாச வாடகையை அக்கா பணமா கொண்டு போய் குடுத்தப்ப பெரியவரு கையை நீட்டல, "பையன் வாங்க வேண்டாம்னுட்டான்மா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. இது பழைய உத்தி. வாடகையை வாங்காம இருப்பாங்க, ரெண்டு மாசம் ஆனதும் பாக்கின்னு கேஸ் போடுவாங்க. எங்க தாத்தா காலத்துலயும் இதே கதைதான், நிலத்துல. மிராசுகிட்ட குத்தகைக்கு உழுதவரு, நெல்லைக் கொண்டு போனா களத்துலயே திருப்பி அனுப்புவாங்களாம், அப்பறம் குத்தகை பாக்கின்னு வெளியேத்தப் பாப்பாங்களாம். 1955ல பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தப்பறம் வருவாய் கோர்ட்ல குத்தகையைக் கட்டலாம்னு ஆச்சு, தாத்தா அங்க கட்டி ரசீதை மஞ்சப்பையில சுருட்டி பரண்ல வச்சிருந்தாரு. அப்பா அதை எடுத்துக் காட்டும்போதெல்லாம் "நெலத்தை நம்ம கையில நிறுத்துனது ஏர் இல்லடா, இந்தத் தாளு"ம்பாரு. அது ஞாபகம் வந்து அன்னைக்கே அக்ரிமெண்ட்ல இருந்த அக்கவுண்ட் நம்பருக்கு வாடகையை டிரான்ஸ்ஃபர் பண்ணச் சொன்னேன், விவரத்துல "ஆடி மாத வீட்டு வாடகை"ன்னு டைப் பண்ணி. மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள, ஒரு நாள் தவறல. பாஸ்புக் வரிதான் எங்க ரசீது. அக்கவுண்ட் நம்பர் தெரியாதவங்க மணியார்டர் அனுப்பலாம், அதையும் வாங்காட்டி ரெண்ட் அத்தாரிட்டிகிட்ட வாடகையைக் கட்ட புதுச் சட்டத்துலயும் வழி இருக்கு. சண்டை நடக்குது, அதனால வாடகையை நிறுத்துறேன்னு மட்டும் யாரும் பண்ணாதீங்க, அது நீங்களே அவங்களுக்குக் காரணத்தைக் கையில குடுக்குற மாதிரி.

ஆடிப்பெருக்குக்கு ரெண்டு நாள் முன்னாடி மோட்டாரைப் பூட்டிட்டாங்க.

மோட்டார் சுவிட்ச் முன்கட்டுல, ரேழிச் சுவத்துல ஒரு மரப்பெட்டிக்குள்ள. அந்தப் பெட்டிக்குப் புதுசா கொண்டி அடிச்சு ஒரு பித்தளைப் பூட்டு. காவேரியில ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுத் தண்ணி போவுது, ஊரே படித்துறையில சித்ரான்னம் கட்டிக்கிட்டு நிக்குது, பின்கட்டுக் குழாயில சொட்டு இல்ல. அக்கா கிணத்துல ராட்டினத்துல கயிறு மாட்டி எறைச்சுச்சு. பழகாத கை, மூணாம் நாள் ரெண்டு உள்ளங்கையும் கொப்புளம். சின்னவன் ஒண்ணாவது படிக்கிறான், யூனிஃபார்ம் தொவைக்க முடியாம பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துத் தொவைச்சு வாங்குனோம். மாமியாருக்கு முட்டி வலி, கக்கூஸுக்கு ஒரு வாளி தண்ணிக்கு மருமக கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவங்க ஒருநாள் "போயிடலாம்டி, மானம் போவுது"ன்னு சொன்னப்பதான் அக்கா ஒடைஞ்சு போச்சு. எல்லாரும் காலி பண்றது இந்த இடத்துலதான்.

நான் போய் பூட்டு போட்ட பெட்டியை, காலிக் குழாயை, அக்கா கையை எல்லாம் ஃபோட்டோ எடுத்தேன், அன்னைய பேப்பரை ஃப்ரேம்ல வச்சு வீடியோவும் எடுத்தேன். 2017 சட்டம் 20ம் பிரிவு இதை நேரடியா தடுக்குது, தண்ணி, கரண்டு மாதிரி அத்தியாவசிய வசதியை ஓனரோ அவரு சார்பா வேற யாருமோ நிறுத்தக் கூடாது. நிறுத்துனா ரெண்ட் அத்தாரிட்டிகிட்ட மனு குடுக்கலாம், விசாரணை முடியறதுக்கு முன்னாடியே இடைக்கால உத்தரவா வசதியைத் திரும்பக் குடுக்கச் சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. பூட்டை நாங்க உடைக்கல. உடைச்சிருந்தா கதை தலைகீழா போயிருக்கும், அவங்க ஸ்டேஷன்ல புகார் குடுத்திருப்பாங்க. அக்கா சுத்தியலை எடுத்துட்டு ரேழி வரைக்கும் போச்சு, அது எனக்குத் தெரியும், திரும்பி வந்துடுச்சு.

ஸ்டேஷனுக்குப் போனோம். "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க"ன்னாங்க. வீட்டைக் காலி பண்றதா வேண்டாமாங்குறது சிவில்தான், அதுல அவங்க சொன்னது சரி. ஆனா பையன் ஃபோன்ல "சாமானை ரோட்டுல எறிஞ்சுடுவேன், பொம்பளை தனியா இருக்க, பாத்து நடந்துக்க"ன்னு மிரட்டுனது சிவில் இல்ல. இப்ப இருக்குற பாரதிய நியாய சன்ஹிதாவுல 351ம் பிரிவு குற்ற மிரட்டல், பழைய ஐபிசி 506. புகார்ல "வீட்டுத் தகராறு"ன்னு எழுதாம, என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை சொன்னாருன்னு மட்டும் எழுதிக் குடுத்தோம், புகாரை வாங்கிக்கிட்டதுக்கு சிஎஸ்ஆர்னு ஒரு ரசீது போட்டுக் குடுத்தாங்க. பையனைக் கூப்பிட்டு ஒருதடவை பேசுனாங்க. அதுக்கப்பறம் மிரட்டல் ஃபோன் வரல.

வக்கீலுக்குக் காசுக்கு என்ன பண்றதுன்னு அக்கா பயந்துச்சு. கோர்ட் வளாகத்துலயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, இது எனக்கே அன்னைக்குதான் தெரிஞ்சுது. 15100க்கு ஃபோன் பண்ணியும் கேக்கலாம். அங்க கெடைச்ச வக்கீல் அம்மா ஃபைலை மொதல்லேருந்து படிச்சுட்டு ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, பதியாத ஒப்பந்தம், இதுதான் உங்க பலவீனம், அதை மறைக்காம நாமளே மொதல்ல சொல்லிடுவோம். ரெண்டு, வாய்ஸ் மெசேஜ், கால் ரெக்கார்டு எதையும் வேற ஃபோனுக்கு மாத்திட்டு ஒரிஜினலை அழிச்சுடாதீங்க, எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு புது சாட்சியச் சட்டம் 63ம் பிரிவுல சான்றிதழ் குடுக்கணும், எந்த ஃபோன்ல வந்துச்சோ அந்த ஃபோன் இருக்கணும். அக்கா பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்ச்ல போடறதா இருந்துச்சு, நிறுத்துனோம்.

வக்கீல் நோட்டீஸ் பெரியவரு பேருக்குத்தான் போச்சு, பையனுக்கு நகல். இப்ப ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால ஸ்பீட் போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மெண்டோட அனுப்பினோம். நோட்டீஸ்ல திட்டு ஒண்ணும் இல்ல. தண்ணியைத் திறந்து விடுங்க, வாடகை தவறாம அக்கவுண்ட்ல வருது, ஒப்பந்தத்தைச் சேர்ந்து பதிவோம் வாங்க, காலம் முடியுற வரைக்கும் தொந்தரவு பண்ணாதீங்க, இவ்வளவுதான். அந்த "சேர்ந்து பதிவோம் வாங்க"ங்குற வரிதான் அந்த அம்மாவோட கெட்டிக்காரத்தனம், பதியாத தப்பு ரெண்டு பேருதும்தான்னு அது காட்டிடுச்சு. கூடவே ரெண்ட் அத்தாரிட்டிக்கு மனு. கலெக்டர்தான் அவங்களை நியமிப்பாரு, துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, உங்க பக்கம் யாருன்னு கோட்டாட்சியர் ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவாங்க. ரெண்ட் அத்தாரிட்டி வேற, ரெண்ட் கோர்ட் வேற, இதைக் குழப்பிக்காதீங்க. பதிவு, வாடகை, தண்ணி கரண்டு எல்லாம் அத்தாரிட்டிகிட்ட, காலி பண்ணச் சொல்ற உத்தரவு கோர்ட்டுகிட்ட. மனுவுல நம்பர் போட்டு முத்திரை வாங்குன நகல் ஒண்ணு கையில வச்சுக்கோங்க.

மனு நோட்டீஸ் போய்ச் சேந்த நாலாம் நாள் பித்தளைப் பூட்டு காணாம போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, சாயங்காலம் குழாய்ல தண்ணி வந்துச்சு. கொண்டியும் ஆணியும் இன்னும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சோம். புரட்டாசி கடைசியில ஒருநாள் பகல்ல ரெண்டு ஆளு ஏணியைப் போட்டு ஏறி அடுப்பாங்கரை மேல ஓட்டைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மராமத்தாம். ஐப்பசி மழை எப்ப வேணா இறங்கும், டெல்டாவுல இருக்குற யாருக்கும் அது தெரியும், மராமத்து பாக்குறவங்க சித்திரை வைகாசியில பாப்பாங்க, ஐப்பசி வாசல்ல ஓட்டைப் பிரிக்க மாட்டாங்க. அக்கா உள்ள சோறு வடிச்சுக்கிட்டு இருக்கு, தலைக்கு மேலேருந்து ஒரு ஓடு, அப்பறம் ஒண்ணு, வெயில் பட்டையா அடுப்பு மேல விழுவுது, கரி, பல்லி முட்டை, தூசி எல்லாம் சோத்துப் பானையில. இந்தத் தடவை அக்கா அழல. ஃபோனை எடுத்து மேல காட்டி "அண்ணே, இந்த வீட்டு மேல கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு நடக்குது, நீங்க பிரிக்கிறது வீடியோவுல வருது, உங்களை இதுல மாட்டிவிட எனக்கு விருப்பம் இல்ல, எறங்கிடுங்க"ன்னுச்சு. அந்த ஆளுங்க கூலிக்கு வந்தவங்க, பாவம், பன்னெண்டு ஓடு பிரிச்சிருந்தாங்க, பிரிச்சதைத் திரும்ப அடுக்கி வச்சுட்டுத்தான் எறங்குனாங்க. ஒருத்தரு போகும்போது "அம்மா, மழைக்கு முன்னாடி அந்த ரெண்டு ஓடு ஒடைஞ்சிருக்கு, மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. ஓனர் உள்ள வரணும்னாலே 24 மணி நேரம் முன்னாடி எழுத்துலயோ மெசேஜ்லயோ சொல்லிட்டுத்தான் வரணும், வீட்டைக் காலி பண்ணித்தான் மராமத்து பாக்க முடியும்னா அதுக்கும் ரெண்ட் கோர்ட்தான். அந்த வீடியோ 3 நிமிஷம் 40 செகண்டு. எங்க ஃபைல்லயே பலமான ஆதாரம் அதுதான்.

அந்த வீடியோவைப் பாத்த அன்னைக்குதான் பெரியவரு தானா பின்கட்டுக்கு வந்தாரு. ஓடு பிரிக்கப் போறதே அவருக்குத் தெரியாதாம். திண்ணையில உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, "எனக்கு வயசாச்சும்மா, அவன் சொல்றதுக்கு நான் வேண்டாம்னு சொல்ல முடியல, ஆனா உன்னைத் தெருவுல விடவும் மாட்டேன், நீ என்ன சொல்ற"ன்னாரு. அக்காவும் சொல்லுச்சு, "ஐயா, உங்க வீடு உங்களுக்குத்தான், காலம் முடிஞ்சா நாங்களே போயிடுவோம், இடையில துரத்தாதீங்க." எங்களுக்கும் அந்த வீட்டுல காலத்துக்கும் இருக்கணும்னு எண்ணம் இல்ல. தண்ணிக்குப் பூட்டு போட்ட வீட்டுல யாருக்கு இருக்கப் பிடிக்கும்.

ஒப்பந்தம் மார்கழியில முடியுது. மார்கழியில யாரும் வீடு மாற மாட்டோம், புது வீட்டுல பால் காய்ச்ச முடியாது. அதனால தை பொறந்து பத்து நாள் வரைக்கும் அதே வாடகையில இருக்குறது, அட்வான்ஸ் 50,000 சாவி குடுக்குற அன்னைக்கே அக்கவுண்ட்ல போடறது, சப் மீட்டர் பாக்கியை மட்டும் கழிச்சுக்கிறது, அதுவரைக்கும் பையன் பின்கட்டுப் பக்கம் வராம இருக்குறது. வக்கீல் அம்மா இதை எழுத்துல போட்டு, பெரியவரு, பையன், அக்கா மூணு பேரும் கையெழுத்து போட்டு, ரெண்ட் அத்தாரிட்டிகிட்ட இருந்த மனுவோட அதைச் சேத்துக் குடுத்தாங்க. பையனையும் கையெழுத்து போட வச்சது முக்கியம், இல்லாட்டி "எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு நாளைக்குச் சொல்லலாம்.

அட்வான்ஸ் பத்தி ஒரு வார்த்தை. சட்டப்படி மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டு எழுதியிருந்தா அது செல்லும்னு அதே பிரிவுல இருக்கு. 7,500க்கு மூணு மாசம்னா 22,500. அக்கா 50,000ன்னு எழுதிக் கையெழுத்து போட்டுடுச்சு. அந்த அதிகப்படி 27,500தான் அவங்க கையில இருந்த பிடி, "போனா அட்வான்ஸ் கிடையாது"ன்னு ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லித்தான் மிரட்டுனாங்க. அட்வான்ஸ் எவ்வளவு பெரிசோ அவ்வளவு நீங்க ஓனர் கையில இருக்கீங்க. புது வீட்டுக்குப் பேசும்போது வாடகையில ஐநூறு கூடக் குடுத்தாவது அட்வான்ஸைக் குறைக்கப் பாருங்க.

செலவுக் கணக்கு: ஸ்பீட் போஸ்ட், ஜெராக்ஸ், பாபநாசம் கும்பகோணம் பஸ், ஃபோட்டோ பிரிண்ட், எல்லாம் சேத்து 2,000 ரூபாகூட ஆகல, வக்கீலுக்கு ஒண்ணும் குடுக்கல. ஆனா நாலு மாசம் அக்கா சரியா தூங்கல, சின்னவன் ராத்திரி கேட் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்குவான், அதை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு தெரியல.

தை எட்டாம் தேதி காலி பண்ணுச்சு. சாமானை வண்டியில ஏத்துனதுக்கப்பறம் ஒவ்வொரு அறையையும் சுவரு, தரை, கதவு, குழாய்னு வீடியோ எடுத்தோம், சப் மீட்டரை பெரியவரு கூட நின்னு பாத்து எழுதிக்கிட்டாரு. 860 ரூபா கழிச்சு 49,140 அக்கவுண்ட்ல வந்துச்சுன்னு மெசேஜ் வந்தப்பறம்தான் அக்கா சாவியை நீட்டுச்சு. நான் அப்படித்தான் பண்ணச் சொல்லியிருந்தேன், பணம் வந்தப்பறம் சாவி. பெரியவரு சாவியை வாங்கிக்கிட்டு, உள்ள போய் பசங்களுக்குன்னு ரெண்டு தேங்காயும் ஒரு சீப்பு பூவன் பழமும் கொண்டு வந்து குடுத்தாரு. அக்கா அவரு கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வண்டியில ஏறுச்சு.

புது வீடு பேட்டைப் பக்கம். ஒப்பந்தம் போட்ட அன்னைக்கே டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் தளத்துல ரெண்டு பேரு கையெழுத்தோட என் கடையிலேருந்தே ஏத்தினேன், புது ஓனர் மொதல்ல "எதுக்குங்க இதெல்லாம்"ன்னாரு, உங்களுக்கும் இதுதான் பாதுகாப்பு, நாங்க வாடகை குடுக்காட்டி நீங்க போற இடமும் இதுதான்னு சொன்னதும் ஆதாரை எடுத்துக் குடுத்துட்டாரு. பதிவு நம்பர் வந்ததும் அக்கா அதை ரேஷன் கார்டு கவருக்குள்ள ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருக்கு, அந்தக் காலண்டர் தாளையும் அதே கவர்லதான் வச்சிருக்கு.